கேஸ் கட்டு யாருக்குச் சொந்தம்?

மாரியூரில் உப்பளக் கூலிக்குப் போகிறவருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் பாகப்பிரிவினையோ விபத்து வழக்கோ வந்துவிட்டால், ராமநாதபுரம் கோர்ட்டுக்குப் போய்வரும் ஒவ்வொரு நாளும் கூலி போன நாள்தான். வாய்தா மேல் வாய்தா ஓடும். போன் செய்தால் வக்கீல் எடுக்கமாட்டார்; குமாஸ்தா "அடுத்த வாய்தாவுக்கு வாங்க" என்பார். எல்லா வக்கீல்களும் இப்படியில்லை. ஏழைகளுக்குப் பீஸ் வாங்காமல் வாதாடுகிறவர்கள் இதே மாவட்டத்தில் இருக்கிறார்கள். ஆனால் மோசமான ஒருவரிடம் மாட்டிக்கொண்டவரைக் கைகட்டி நிற்க வைப்பது, டீக்கடையில் கேட்டு நம்பிவிட்ட சில தவறான செய்திகள்.

முதலாவது: "பாக்கி பீஸைக் கட்டினால்தான் வக்கீல் கேஸ் கட்டைத் தருவார், அது அவருடைய உரிமை." அப்படி ஓர் உரிமையே கிடையாது. மத்தியப் பிரதேச மாநிலக் கூட்டுறவு வங்கிக்குச் சட்ட ஆலோசகராக இருந்த ஆர்.டி. சக்சேனாவை 1993-இல் வங்கி விலக்கியது. 97,100 ரூபாய் பாக்கி என்று சொல்லி அவர் கேஸ் கட்டுகளைத் திருப்பித் தர மறுத்தார். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 2000 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது: கேஸ் கட்டு விற்றுக் காசாக்கும் சரக்கு அல்ல, அதைப் பீஸுக்கு ஈடாகப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை, வைத்தால் அது தொழில் ஒழுங்கீனம். பாக்கி நியாயமானதென்றால் வக்கீல் தனியாக வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும். கட்டு கட்சிக்காரருடையது.

ஆகவே கட்டு வேண்டும் என்று ஒப்புகையோடு ஒரு கடிதம் அனுப்புங்கள். வேறு வக்கீலை வைக்கப் பழையவரின் சம்மதக் கையெழுத்து வாங்குவது வழக்கம். அவர் போட மறுத்தால் நீதிமன்றத்தின் அனுமதியோடு பழைய வக்காலத்தை முடித்துக்கொண்டு மாற்று வக்காலத்து தாக்கல் செய்யலாம். கட்டு கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கோர்ட்டில் தாக்கலான ஆவணங்களுக்குச் சான்றிட்ட நகல் மனு போட்டு வாங்கலாம். உங்கள் வழக்கின் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கி வைத்திருந்தால், இ-கோர்ட்ஸ் செயலியில் வாய்தா தேதி, போட்ட உத்தரவு எல்லாவற்றையும் நீங்களே பார்க்கலாம். "நடந்துகிட்டிருக்கு" என்று சொல்லப்பட்ட வழக்கு எப்போதோ தள்ளுபடியாகியிருப்பது பலருக்கு இப்படித்தான் தெரியவருகிறது.

"நுகர்வோர் கோர்ட்டில் போட்டுவிடலாம்" என்பது இன்னொன்று. இது ஒரு காலத்தில் உண்மை. செக் வழக்கில் எதிர்த்தரப்பு கொடுத்த பணத்தை வக்கீல் தன்னிடம் தரவில்லை என்று டி.கே. காந்தி என்பவர் போட்ட வழக்கில், வக்கீல் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 2007-இல் தேசிய ஆணையம் சொன்னது. 2024 மே 14 அன்று உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஏழைக் கட்சிக்காரருக்கு இது இழப்பு என்பதே என் கருத்து. எளிதாக ஏறக்கூடிய ஒரு படி போய்விட்டது. ஆனாலும் சிவில் கோர்ட் கதவு திறந்தே இருக்கிறது. அலட்சியத்தால் நட்டம் வந்தால் வக்கீல் என்பதற்காக யாரும் தப்ப முடியாது என்று 1926-ஆம் ஆண்டின் வக்கீல் கட்டணச் சட்டமே சொல்கிறது.

"இழப்பீட்டில் இத்தனை சதவீதம் தருவதாகப் பேசியாச்சு, கொடுத்துத்தான் ஆகணும்" என்று விபத்தில் கணவனை இழந்த பெண்கள் சொல்வதைக் கேட்கும்போது வேதனையாக இருக்கிறது. கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதைப் பார் கவுன்சில் விதி தடுக்கிறது. 2017-இல் பி. சுனிதா வழக்கில், இழப்பீட்டில் சதவீதம் கணக்கிட்டு வாங்கிய செக்கை வைத்து வக்கீல் தொடர்ந்த வழக்கையே உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டவர்களும் பயப்படவேண்டாம்.

பார் கவுன்சிலைப் பற்றி இரண்டு விதமாகவும் தப்பாகப் பேசுகிறார்கள். "எல்லாரும் வக்கீல்கள்தானே, புகார் எடுபடாது" என்பது ஒன்று. "அங்கே போனால் பணம் திரும்பி வரும்" என்பது மற்றொன்று. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு வழக்கறிஞர் சட்டம் 35-ஆம் பிரிவின்படி புகார் அனுப்பலாம். கண்டிப்பு, தற்காலிகத் தடை, பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம் என்று தண்டிக்க அதற்கு அதிகாரம் உண்டு. ஓராண்டுக்குள் முடிக்காவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். சக்சேனா மீதான புகார் அப்படிப் போனதுதான். பார் கவுன்சிலின் வேலை வக்கீலை ஒழுங்குபடுத்துவது. பணத்தை மீட்க சிவில் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும்.

வக்கீல் வராததால் ஒருதலைத் தீர்ப்பாகிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். வக்கீல் செய்த தவறுக்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக்கூடாது என்று 1981-லேயே ரஃபிக் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கும் மனுவுக்குக் கெடு 30 நாள்தான். தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லவேண்டி வரும்.

புது வக்கீலுக்குப் பணமில்லை என்றால் ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. இனி யாரிடம் வழக்கைக் கொடுத்தாலும், வக்காலத்தில் கையெழுத்துப் போட்டதும் அதை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வக்கீலின் பதிவு எண் அதில்தான் இருக்கும், புகாருக்கு அது தேவை. பணத்தைக் கையில் கொடுத்தால் ரசீது கேளுங்கள். தராவிட்டால் வங்கி வழியாகவே கொடுங்கள்.