விசில் எடுக்கும் தம்பி, தங்கைகளுக்கு

பூதிகோட்டையிலும் தங்கவயலிலும் கால்பந்து ஆடாத தெரு குறைவு. ஆடி முடித்த பிள்ளைகளில் சிலர் இப்போது நடுவராக விரும்புகிறீர்கள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம். அதனால் தெரிந்ததைச் சொல்லிவைக்கிறேன்.

1. விதிப்புத்தகத்தை இந்த ஆண்டுப் பதிப்பில் படியுங்கள். விதிகள் 17தான். ஆனால் 1886இல் தொடங்கிய பன்னாட்டுக் கால்பந்துச் சங்க வாரியம் அவற்றை ஆண்டுதோறும் திருத்துகிறது. அண்ணன்மார் வைத்திருந்த பழைய புத்தகம் தேர்வில் கைகொடுக்காது.

2. சேர வேண்டிய வரிசை இது: மாவட்டச் சங்கம், அதற்கு மேல் கர்நாடக மாநிலக் கால்பந்துச் சங்கம், அதற்கு மேல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு. மாநிலச் சங்கம் பெங்களூரு அசோக்நகர் ஸ்டேடியத்தில் இருக்கிறது. பங்காருபேட்டையில் ரயில் ஏறி ஒருநாள் நேரில் போங்கள். தேர்வு எப்போது, வயது வரம்பு என்ன, கட்டணம் எவ்வளவு என்று அங்கேயே கேளுங்கள். யாரோ சொன்னதை நம்பி ஒரு வருடத்தையே தவறவிட்ட பிள்ளைகள் உண்டு. 5ஆம் பிரிவில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறி 1ஆம் பிரிவுக்கு வந்தவரே தேசிய நடுவர்.

3. ஓடுங்கள். பன்னாட்டு ஆண் நடுவர்களுக்கான தேர்வில் 40 மீட்டரை 6 விநாடிக்குள் ஓட வேண்டும், அப்படி ஆறு முறை. பிறகு 75 மீட்டர் ஓட்டம், 25 மீட்டர் நடை என்று நாற்பது தடவை. மொத்தம் 4 கிலோமீட்டர். உங்கள் முதல் தேர்வு இவ்வளவு கடுமையாக இருக்காது. ஆனாலும் இதையே மனதில் வைத்துப் பயிற்சி எடுங்கள்.

4. கொடி பிடிப்பதைக் குறைவாக நினைக்காதீர்கள். நம் நாட்டு நடுவர் கோமலீஸ்வரன் சங்கர் 2002 உலகக் கோப்பைக்குப் போனது துணை நடுவராகத்தான்.

5. ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, மைதானம், அணிகள், போட்டியை நடத்திய சங்கம், நீங்கள் விசிலா கொடியா, காட்டிய அட்டைகள். நியமனக் கடிதத்தையும் அதோடு சேர்த்து வையுங்கள். ஏன் என்பது அடுத்ததில்.

6. இதைப் பொறுமையாகக் கேளுங்கள். 2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. அன்று முதல் நம் பிள்ளைகள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் சென்னைக்கும் பிழைப்பைத் தேடிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். பெங்களூருக்குப் போனால் மாநிலச் சங்கம் அதேதான். வேறு மாவட்டத்துக்குப் போவதை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஓசூருக்கோ சென்னைக்கோ போனால் நீங்கள் தமிழ்நாடு கால்பந்துச் சங்கத்துக்குள் போகிறீர்கள். மொழி நம் மொழிதான், ஆனால் அங்கே உங்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை; நீங்கள் நடத்திய ஆட்டங்களுக்கு உங்கள் நோட்டும் நியமனக் கடிதங்களும்தான் சாட்சி. பெட்டி கட்டுவதற்கு முன்பே இங்கே மனு கொடுத்து, பாக்கிச் சந்தாவைக் கட்டி, தடையில்லாச் சான்றும் உங்கள் பிரிவைக் குறிப்பிடும் கடிதமும் வாங்கிவிடுங்கள். போன பிறகு தொலைபேசியில் கேட்டு வாங்கலாம் என்று கிளம்பினவர்கள் அலைந்திருக்கிறார்கள். நல்ல நடுவர்கள் சிலர் ஒரு தாள் இல்லாமல் மறுபடியும் கீழ்ப்படியில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதில் மனம் விட்டுப்போய் விசிலையே வைத்துவிட்டவர்களும் உண்டு. அது நம் ஊருக்கு நஷ்டம்.

7. ஒரே நேரத்தில் இரண்டு சங்கங்களில் பெயர் வைக்காதீர்கள். தேசியப் போட்டிகளில் ஒரு மாநில அணியின் ஆட்டத்துக்கு அதே மாநில நடுவரைப் போடுவதைத் தவிர்ப்பார்கள். நீங்கள் எந்த மாநிலத்தவர் என்பது தெளிவாக இல்லையென்றால் உங்கள் தீர்ப்பைச் சந்தேகிக்க ஆட்களுக்கு இடம் கிடைத்துவிடும்.

8. பொங்கலுக்கும் தசராவுக்கும் ஊர்ப் போட்டி நடக்கும், கூப்பிடுவார்கள். சங்கத்தின் அனுமதியைக் கேட்டுவிட்டுப் போங்கள். சொந்தக்காரர் நடத்தும் போட்டியானாலும் சரி.

9. புது ஊரில் முதல் சில மாதம் கிடைத்த ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பள்ளிப் பிள்ளைகள் ஆட்டமானாலும். நியமனம் போடுகிறவருக்கு உங்களைத் தெரியாது. நேரத்துக்கு வருகிறீர்களா, ஆட்ட அறிக்கையை அன்றே கொடுக்கிறீர்களா என்றுதான் அவர் பார்ப்பார். தங்கவயலில் இப்படிச் செய்வோம், அப்படிச் செய்வோம் என்று அங்கே பேச வேண்டாம்.

10. தங்கைகளே, திண்டுக்கல் ரூபா தேவி 2016இல் ஃபிஃபா நடுவரானார். அவரும் ஊர் மைதானத்திலிருந்து போனவர்தான். கல்யாணமாகி வேறு மாநிலம் போக நேர்ந்தால் ஆறாவது அறிவுரை உங்களுக்கு இன்னும் அவசியம். அந்த மனுவை நீங்களே எழுதுங்கள், நீங்களே கையெழுத்துப் போடுங்கள், நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். வீட்டில் வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

11. மனுவின் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். சான்று வந்ததும் மூன்று நகல் எடுங்கள்: ஒன்று புதுச் சங்கத்துக்கு, ஒன்று உங்கள் நோட்டுக்குள், ஒன்று பூதிகோட்டை வீட்டில்.