பழைய யு.பி.எஸ். யந்திரத்தில் பாட்டரிக் கோளாறுகளை அறியும் விதம்

சோளக்காடு முதலிய கொல்லிமலைக் கிராமங்களில் பெருங்காற்றும் மழையும் வந்துவிட்டால், மரக்கிளை மின்கம்பியின்மேல் வீழ்ந்து மின்சாரம் தடைப்படுதல் சகஜம். அச்சமயங்களில் கிராம அலுவலகத்தின் கம்ப்யூட்டரையும் குடியானவர் வீட்டு விளக்குகளையும் தாங்கி நிற்பது யு.பி.எஸ். அல்லது இன்வெர்ட்டர் என வழங்கும் யந்திரமாகும். நாலைந்து வருஷம் உழைத்த பின்னர், முன்பு மூன்று மணி நேரம் தாங்கிய யந்திரம் பத்து நிமிஷத்தில் அணைந்துவிடுகிறது. பட்டா நகலுக்காகக் காலையில் வந்த குடியானவர் மாலைவரை காத்திருக்க நேரிடுகிறது.

உடனே புதிய பாட்டரி வாங்கும்படி யோசனை கூறுவோர் பலர். ஆயின், 150 ஆம்பியர்-மணி அளவுள்ள பாட்டரி ஒன்று திராவகத்துடன் சுமார் 50 முதல் 60 கிலோ வரை கனமுடையது. காரவள்ளிப் பாதையின் 70 கொண்டையூசி வளைவுகளிலும் அதனை இறக்கி, சோதித்து, மீண்டும் ஏற்றும் செலவு அற்பமன்று. ஆகையால் கோளாறு இன்னதென்பதை இருந்த இடத்திலேயே அறிந்துகொள்ளுதல் நலம்.

1859-ஆம் வருஷத்தில் பிரான்சு தேசத்து காஸ்டன் பிளாந்தே என்பவர் கண்ட ஈயப் பாட்டரியின் தத்துவமே இன்றும் வழங்குகிறது. கந்தகத் திராவகத்தில் ஈயத் தகடுகள் தோய்ந்த அறை ஒன்று சுமார் 2 வோல்ட் தரும். ஆறு அறைகள் சேர்ந்தது 12 வோல்ட் பாட்டரி. மின்சாரம் செலவாகும்போது திராவகம் நீர்த்து, தகடுகளின்மேல் ஈய சல்பேட் என்னும் உப்புப் படிகிறது. சார்ஜ் ஏறும்போது அவ்வுப்புக் கரைந்து திராவகம் மறுபடியும் கனக்கிறது. காலியான பாட்டரியைப் பல நாள் அப்படியே விட்டுவிட்டால், சர்க்கரைப் பாகு கற்கண்டாக இறுகுவதுபோல உப்பு இறுகிப் பின்னர் கரைவதில்லை. புயல் மழைக்குப் பின் இரண்டு மூன்று நாள் மின்சாரம் வராத மலைக் கிராமங்களில் பாட்டரிகள் விரைவில் கெடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். மின்சாரம் விரைவில் வராதெனத் தெரிந்தால், பாட்டரி முற்றும் காலியாகுமுன் யந்திரத்தை நிறுத்திவிடுதல் வேண்டும்.

சோதிக்கப் புகுமுன் மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றிவிட வேண்டும். சார்ஜ் ஏறும் பாட்டரியினின்று எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு எழுவதால், பீடியும் விளக்கும் அருகில் கூடா, ஜன்னல் திறந்திருக்கட்டும்.

முதலில் முனைகளைப் பார்க்க வேண்டும். வெண்மையாகவோ பசுமையாகவோ பொடி பூத்திருந்தாலும், விளக்கு எரியும்போது ஒரு முனை மட்டும் சூடேறினாலும், குற்றம் இணைப்பிலேயே இருக்கலாம். யந்திரத்தை நிறுத்தி மெயின் மின்சாரத்தையும் துண்டித்து, எதிர்முனையை முதலிலும் நேர்முனையைப் பின்னும் கழற்றி, சமையல் சோடா கரைத்த ஜலத்தில் நனைத்த துணியால் துடைக்கலாம். அந்த ஜலம் ஒரு துளியும் அறைக்குள் புகலாகாது. நேர்முனையை முதலில் இறுக மாட்டி, எதிர்முனையைப் பின் மாட்டி, வாசலைன் தடவிவிட்டால் போதும். புதிய பாட்டரி வாங்கவிருந்த சிலருக்குச் செலவு இவ்வளவோடு நின்றுவிடும்.

அடுத்தது ஜலமட்டம். குறைந்திருந்தால், காய்ச்சி வடித்த ஜலம் மட்டுமே வார்க்க வேண்டும். மலையூற்று ஜலம் எத்துணைத் தெளிவாயினும் அதில் கரைந்துள்ள உப்புக்கள் தகட்டைக் கெடுக்கும். திராவகம் சேர்த்தால் பலம் கூடும் என்பது தவறான எண்ணம். ஆவியாய்ப் போவது ஜலமேயன்றித் திராவகமன்று.

இவற்றில் குற்றம் காணாவிடின், இரவு முழுதும் சார்ஜ் ஏற்றி, யந்திரத்தைப் பிரித்துச் சில மணி நேரம் சும்மா வைத்துப் பின் மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போதே அளந்தால் 13.8 வோல்ட் காட்டி ஏமாற்றும். நல்ல பாட்டரி 12.6 அல்லது 12.7 காட்டும். முழுச் சார்ஜுக்குப் பின்னும் 10.5 வோல்ட்டளவே நின்றால் ஓர் அறை செத்துவிட்டதென ஐயுறலாம். இரண்டு பாட்டரிகள் தொடராயிருந்தால் ஒவ்வொன்றையும் தனியே அளக்க வேண்டும்.

ஐயம் தீர்ப்பது ஹைட்ரோமீட்டரே. ஆறு அறைகளிலும் தனித்தனியே திராவகத்தின் அடர்த்தியைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆறும் ஒரே அளவாய்க் குறைந்திருந்தால் சார்ஜ் போதாமையே காரணமாயிருக்கலாம். மின்னழுத்தக் குறைவையும் யந்திரத்தின் சார்ஜ் பாகத்தையும் சோதிப்பித்தல் வேண்டும். ஐந்து அறைகள் 1.240 காட்ட ஒன்று மட்டும் 1.150 காட்டினால், அவ்வறையோடு பாட்டரியும் போயிற்று. சோளக்காட்டுக் குளிரில் இன்னொன்றும் நினைவிலிருக்கட்டும்: நம் நாட்டு அளவுகள் 27 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியவை. 10 டிகிரி குளிர்ந்தால் கருவி சுமார் 0.007 அதிகமாய்க் காட்டும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

சிறிய கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.களில் உள்ள மூடிய பாட்டரிகளுக்கு இச்சோதனை செல்லாது. அவை உப்பியிருந்தால் மாற்றுவதே வழி.

இரட்டைப் பாட்டரியில் ஒன்று கெட்டால், அதனை மட்டும் மாற்றிப் பழையதோடு புதியதைத் தொடராய் இணைக்கும் சிக்கனம் பலிப்பதில்லை. இரண்டும் ஒத்து ஏறியிறங்காமையால் புதியதும் விரைவில் கெடும்.

கழித்த பாட்டரியை உடைத்து ஈயம் உருக்குவதும், திராவகத்தை நிலத்தில் கொட்டுவதும் பெரும் தீங்கு. ஈயப் புகை குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். 2022-ஆம் வருஷத்திய பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளர்களைச் சார்ந்தது. புதியது வாங்கும்போது பழையதைக் கடையில் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம்.