வெடிச் சத்தமும் வெள்ளைக் குட்டியும்

கேள்வி: இராஜபாளையத்தில் வீட்டிலேயே நாய் வளர்க்கும் ஒருவரிடம் அவ்வூர் ஜாதிக் குட்டி ஒன்று வாங்க விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், சிவகாசி

பதில்: 2005-ஆம் ஆண்டில் தபால் தலையிலும் இடம்பெற்ற அந்த ஜாதிக்குத் தூய வெண்மையும் இளஞ்சிவப்பு நாசியும் லக்ஷணங்கள் என்றாலும், அவ்வெண்மையோடு கூடவே சில குட்டிகளுக்குப் பிறவிச் செவிடும் நேர்வதுண்டு. உங்கள் ஊரிலோ, பட்டாசுச் சத்தத்துக்கும் அசையாமல் கிடக்கும் குட்டியைத் தைரியசாலி என்று எண்ணி மயங்குவதற்கு இடமிருக்கிறது. ஆகையால், உடன்பிறந்தவை அசைவதைக் கண்டு அதுவும் திரும்பிவிடாதபடி தனியே பிரித்து, அதன் பார்வைக்கு எட்டாமல் பின்னாலிருந்து ஒரு தட்டைத் தட்டிச் சோதித்த பிறகே விலை பேசுங்கள்.

பிறந்த 3-ஆவது வாரம் முதல் ஏறக்குறைய 12-ஆவது வாரம் வரையில் நாய்க்குட்டி மனிதரோடும் ஓசைகளோடும் பரிச்சயம் கொள்ளும் பருவமாதலால், அடுப்பங்கரை அரவத்துக்கும் குழந்தைகளின் ஸ்பரிசத்துக்கும் நடுவே வளர்ந்த குட்டியே, கொட்டிலில் தனித்துக் கிடந்ததைவிட உங்கள் வீட்டுக்கு உகந்தது என்பது என் திடமான அபிப்பிராயம். 8 வாரம் நிறையாத குட்டியை விற்பதை மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு விதிகளே தடுக்கின்றன. தாய் நாயை அவசியம் பாருங்கள். அதைக் காட்டத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.