கைப்பணமும் வளர்ச்சியும்



சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொருளாளராக இருந்தவன் நான். பல்கலைக்கழக விழாவில் நாம் நடத்திய இட்லிக் கடை ஏன் நட்டத்தில் முடிந்தது என்று உங்களில் பலர் கேட்டீர்கள். "மழை வந்துவிட்டது" என்று விடை சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை நானே பின்னர்தான் உணர்ந்தேன். ஒரு விடியோ விளையாட்டிலிருந்தும், கரியாஹாட் நடைபாதையில் சேலை விற்கும் ஒரு பெரியவரிடமிருந்தும் கற்ற அந்தப் பாடத்தை இங்கே எழுதுகிறேன். இவ்வாண்டு கடை வைக்கப் போகிறவர்கள் படித்துப் பயன் பெறுவார்களாக.

நடந்தது என்ன?

சங்கப் பெட்டியில் 12,000 ரூபாய் இருந்தது. அது உறுப்பினர் சந்தாப் பணம். ஊரிலிருந்து புதிதாக வரும் மாணவருக்கு இடர் நேர்ந்தால் உதவுவதற்காகச் சேர்த்தது. முதல் நாள் 4,000 ரூபாய் செலவிட்டோம். லேக் மார்க்கெட்டில் அரிசியும் உளுந்தும் காப்பித்தூளும் வாங்கினோம். 6,600 ரூபாய் வரவு வந்தது. வங்காள நண்பர்கள் வரிசையில் நின்று வடை வாங்கினார்கள். அன்றிரவு பெட்டியில் 14,600 ரூபாய்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மூன்று மடங்காக்குவோம்" என்றேன். மறுநாள் மாவுக்கும், வாடகைப் பாத்திரங்களுக்கும், விளம்பரத் துணிக்கும் 12,000 ரூபாய் போட்டேன். நண்பகலில் மழை பிடித்துக்கொண்டது. கைக்கு வந்தது 3,100 ரூபாய். பிற மாணவர் குழுக்கள் இரண்டு கடனாக வாங்கிய பலகாரத்தின் விலை 1,900 ரூபாய். மீந்த மாவு புளித்தது. பெட்டியில் எஞ்சியது 5,700 ரூபாய். மூன்றாம் நாள் கடை திறக்கவில்லை.

அந்த வாரமே முதலாண்டு மாணவர் ஒருவரின் தந்தை நெஞ்சுவலியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாக ஊரிலிருந்து செய்தி வந்தது. அன்று மாலை விமானத்துக்கு எட்டாயிரத்துக்கு மேல் வேண்டும். அறை அறையாகச் சென்று மீதியைத் திரட்டி முடிப்பதற்குள் விமானம் போய்விட்டது. அவர் மறுநாள் காலையில்தான் புறப்பட முடிந்தது. தந்தை பிழைத்துக்கொண்டார். அதனால் எவரும் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அந்த இரவு அந்தத் தம்பி விடுதித் திண்ணையில் பெட்டியோடு உட்கார்ந்திருந்த காட்சி என் கண்ணை விட்டு அகலவில்லை.

இரண்டு டாலர் முதல்

சில நாள் கழித்து, மேலாண்மை பயிலும் அக்கா ஒருவர் தம் கணிப்பொறியில் ஒரு பழைய விளையாட்டைத் திறந்து என் முன் வைத்தார். "லெமனேட் ஸ்டாண்ட்" என்பது அதன் பெயர். எலுமிச்சைச் சாற்றுக் கடை என்று பொருள். 1973-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பள்ளிக் கல்விக்கான கணிப்பொறி அமைப்பு ஒன்றில் பாப் ஜேமிசன் என்பவர் இதனை எழுதினார். 1979-இல் ஆப்பிள் கணிப்பொறிக்கும் இது வந்தது. பெரிய நிறுவனங்களின் நிர்வாகிகளைப் பயிற்றுவிக்க அமெரிக்க மேலாண்மைச் சங்கம் 1957-லேயே இத்தகைய வணிகப் போலி ஆட்டத்தைக் கையாண்டது. அந்த அரிய பயிற்சியைச் சிறுவர் கைக்குக் கொண்டுவந்தது இந்த எளிய விளையாட்டு.

ஆட்டம் மிகச் சிறியது. உங்கள் முதல் 2 டாலர், அதாவது 200 சென்ட். ஒவ்வொரு நாளும் மூன்றே முடிவுகள்: எத்தனை குவளை சாறு செய்வது, எத்தனை விளம்பரப் பலகை வைப்பது, என்ன விலை வைப்பது. பலகை ஒன்றுக்கு 15 சென்ட். குவளைக்கு அடக்கம் தொடக்கத்தில் 2 சென்ட்தான்; ஏனெனில் அம்மா சர்க்கரையை இலவசமாகத் தருகிறாள். மூன்றாம் நாள் அவள் நிறுத்திவிடுகிறாள். அடக்கம் 4 சென்ட் ஆகிறது. பின்னர் 5 ஆகிறது. இடியும் மழையும் வந்தால் அன்று செய்த சாறு முழுவதும் பாழ்.

நான் மூன்று முறை ஆடினேன். மூன்று முறையும் ஓட்டாண்டியானேன். அக்கா சிரிக்காமல் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

கையில் 400 சென்ட் இருக்கிறது. குவளை அடக்கம் 4 சென்ட் என்று கொள்வோம். துணிச்சல்காரர் 80 குவளை செய்கிறார்: 320 சென்ட். நான்கு பலகை: 60 சென்ட். கையில் மீதம் 20. நிதானி 40 குவளை செய்கிறார்: 160 சென்ட். இரண்டு பலகை: 30 சென்ட். மீதம் 210.

வெயில் அடித்து, குவளை 10 சென்ட் வீதம் எல்லாம் விற்றால் துணிச்சல்காரர் கையில் 820. நிதானி கையில் 610. மழை பெய்தாலோ? துணிச்சல்காரர் மறுநாள் ஐந்து குவளை செய்யலாம். நிதானி ஐம்பத்திரண்டு குவளை செய்யலாம். ஒருவர் ஆட்டத்தை விட்டே போகிறார். மற்றவர் ஒரு நாளை மட்டும் இழக்கிறார்.

"நீ மழையால் தோற்கவில்லை, தம்பி. நாளைய முதலை இன்றே செலவழித்ததால் தோற்றாய்" என்றார் அக்கா.

நண்பர்களே, முதற் பாடம் இதுவே: இன்று போட்டது முழுவதும் அழிந்தாலும் நாளை கடை திறக்க முடியுமா என்று கேட்டுக்கொண்ட பிறகே முதல் போட வேண்டும்.

கரியாஹாட் கணக்கு

நான் தங்கியிருப்பது கோல்பார்க் பக்கம். நாள்தோறும் கரியாஹாட் சந்திப்பைக் கடந்தே வருவேன். மேம்பாலத்தின் அருகே, ராஷ்பிகாரி அவென்யூவின் இரு மருங்கிலும் சேலை, செருப்பு, வளையல், மேசைவிரிப்பு என்று நடைபாதைக் கடைகள் நெருங்கி நிற்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். சைத்ர மாதத்தில் அங்கே நடக்கும் மலிவு விற்பனை பெரிது. அதனை நான் வெறும் கூட்டம் என்றே எண்ணியிருந்தேன். ஒரு மாலை, எனக்குப் பழக்கமான சேலைக்காரப் பெரியவரிடம், "தாதா, அடக்க விலைக்கும் குறைத்து விற்கிறீர்களே, கட்டுமா?" என்று கேட்டேன். அவர் ஓர் அட்டையின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார்.

படா பஜார் மொத்த வணிகரிடம் 40 சேலை கடனுக்கு எடுக்கிறார். ஒன்று 300 ரூபாய், மொத்தம் 12,000. சேலை 450 ரூபாய் வீதம் 25 விற்கிறார்; வரவு 11,250. சேலைக்கு 150 ரூபாய் வீதம் இலாபம் 3,750 என்று ஏடு சொல்கிறது. ஆனால் மொத்த வணிகருக்குக் கொடுக்க வேண்டியதோ 12,000. கையில் 750 ரூபாய் குறைகிறது! இலாபம் எங்கே போயிற்று? விற்காத 15 சேலைகளாக மூட்டைக்குள் தூங்குகிறது.

"மூட்டையைக் காட்டினால் மகாஜன் புதுச் சரக்குத் தருவாரா?" என்று கேட்டார் பெரியவர். ஆகவே அந்தப் பதினைந்தையும் 280 ரூபாய்க்குத் தள்ளுகிறார். 4,200 ரூபாய் வருகிறது. சேலைக்கு 20 ரூபாய் நட்டம், மொத்தம் 300. ஆனால் இப்போது கையில் 15,450. கடனை அடைத்தபின் 3,450 ரூபாய் உண்மைப் பணமாக நிற்கிறது. வங்காளப் புத்தாண்டில் வணிகர்கள் ஹால்காதா என்னும் புதுக் கணக்கேட்டைத் தொடங்குவது வழக்கம். பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டு அந்த ஏட்டில் பெயர் எழுதப்பட்டால்தான் அடுத்த ஆண்டுக்குச் சரக்குக் கிடைக்கும் என்றார். நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே அந்த நாளும் வருகிறது. நம் வணிகர்கள் ஐந்தொகை போட்டுப் பார்ப்பதும் இதே நோக்கத்துக்காகத்தான்.

இரண்டாம் பாடம் இங்கே கிடைக்கிறது: இலாபம் வேறு, கைப்பணம் வேறு. விற்காத சரக்கும், வராத கடனும் ஏட்டில் சொத்துத்தான். ஆனால் அவற்றைக் கொண்டு அரிசி வாங்க முடியாது. நம் கடையின் 1,900 ரூபாய்க் கடன் இரண்டு மாதம் கழித்து முழுமையாக வந்து சேர்ந்தது. வந்து என்ன? விமானம் போன பிறகு வந்தது.

இடியும் மழையும் விளையாட்டில் மட்டும் வருவதில்லை. 1996 நவம்பரில் "ஆபரேஷன் சன்ஷைன்" என்ற பெயரில் கல்கத்தாவின் முக்கியச் சாலைகளிலிருந்து நடைபாதைக் கடைகள் அகற்றப்பட்டன. கரியாஹாட்டும் அவற்றுள் ஒன்று. 2019 ஜனவரியில் இச்சந்திப்பின் பெரிய கட்டடம் ஒன்றில் தீப்பிடித்தது. அருகிலிருந்த நடைபாதைக் கடைகளும் எரிந்தன. தெருவணிகரைக் காக்கும் சட்டம் 2014-இல் வந்தது உண்மை. ஆயினும் சட்டம் தீயை நிறுத்தாது. "எல்லாச் சரக்கையும் ஒரே நாளில் கடையில் அடுக்காதே என்று என் தந்தை சொல்வார்" என்றார் பெரியவர். அவர் எந்த விளையாட்டையும் ஆடியதில்லை.

கடன் வாங்கி வளர்தல்

"அப்படியானால் வளரவே கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அதற்காகவே 1999-இல் கிறிஸ் சாயர் ஆக்கிய "ரோலர்கோஸ்டர் டைகூன்" என்னும் கேளிக்கைப் பூங்கா விளையாட்டை அக்கா ஆடச் சொன்னார். இதில் வங்கிக் கடன் உண்டு, வட்டியும் உண்டு. நான் வழக்கம் போல் இருந்த பணம் முழுவதையும் ஒரே பெரிய ஊர்தியில் கொட்டினேன். அது கட்டி முடிந்து சீட்டு விற்கும் வரை ஒரு காசு வரவில்லை. ஆனால் வேலையாட்களின் கூலியும் கடனின் வட்டியும் எனக்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த முறை சிறிய ஊர்திகள் இரண்டை வைத்தேன். அவை ஈட்டிய பணத்தில் மூன்றாவதை வைத்தேன். மெதுவாகத்தான் வளர்ந்தது, ஆயினும் நின்றது.

வளர்ச்சி பணம் தருவதற்கு முன் பணம் தின்னும். இது மூன்றாம் பாடம். அந்த இடைக்காலத்தைத் தாங்கும் அளவே ஒருவன் வளரத் தகுதி பெறும் அளவு. வள்ளுவர் வரவின் அளவையும் செலவின் அளவையும் எங்கே பேசுகிறார் தெரியுமா? படை கொண்டு செல்லும் மன்னனுக்கு உரைத்த வலியறிதல் என்னும் அதிகாரத்தில்! பணத்தின் எல்லையை அறிவதும் வலிமையை அறிவதே என்பது அவர் கருத்துப் போலும்.

இவ்வாண்டு என்ன செய்வது?

வரும் பொதுக்கூட்டத்தில் மூன்று விதிகளை முன்மொழிய இருக்கிறேன். ஒன்று: இடருதவிப் பணத்தைத் தனிப் பெட்டியில் வைப்போம், எத்தனை இலாபம் தெரிந்தாலும் கடைக்காக அதனைத் தொடோம். இரண்டு: கடைக்கு ஒதுக்கிய பணத்தில் எந்த நாளும் பாதிக்கு மேல் போடோம். மூன்று: நண்பர்களேயானாலும் கடனுக்குப் பலகாரம் தரோம்.

இவ்விதிகளால் நம் கடை சிறியதாகவே இருக்கலாம். முதல் நாள் வரிசையில் நின்றவர் சிலர் வடை கிடைக்காமல் திரும்பலாம். திரும்பட்டும், மறுநாள் வருவார்கள். மறுநாளும் நாம் கடை திறந்திருப்போம்.

சென்ற ஆண்டு விமானத்தைத் தவறவிட்ட அந்தத் தம்பிதான் இவ்வாண்டு பொருளாளர் பொறுப்புக்கு நிற்கிறார். "அண்ணா, பெட்டிச் சாவி என்னிடம் இருக்கட்டும்" என்றார். கணக்கேட்டை அவர் கையில் கொடுக்கவே நான் விரும்புகிறேன். முதல் பக்கத்தில் 400 சென்ட் கணக்கை நானே எழுதி வைத்திருக்கிறேன்.