துணியா, டயப்பரா? தூக்கத்தில் படுக்கையை நனைக்கும் பிள்ளைகளுக்கு 15 குறிப்புகள்

ஐந்து வயதுப் பிள்ளைகள் 100 பேரில் ஏறக்குறைய 15 பேர் தூக்கத்தில் படுக்கையை நனைக்கிறார்கள். பத்து வயதிலும் 100க்கு 5 பேருக்கு இந்தத் தொல்லை இருக்கிறது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சின்ன வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். இரவில் சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன் போதிய அளவு சுரக்காமல் இருக்கலாம். சிறுநீர்ப்பை சிறுநீரைப் பிடித்துவைக்கும் அளவு குறைவாக இருக்கலாம். பை நிறைந்தும் தூக்கம் கலையாமல் இருக்கலாம். சோம்பேறித்தனமோ அடமோ இதற்குக் காரணம் அல்ல. வயது ஏற ஏறப் பெரும்பாலோருக்குத் தானாகவே நின்றுவிடும். அதுவரை படுக்கையும் கெடாமல், பிள்ளையின் மனசும் வாடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. திண்டுக்கல் மாவட்டத்தில் நம் செம்பட்டி, ஆத்தூர், சின்னாளபட்டிப் பக்கம் வெயிலுக்குக் குறைவில்லை. தண்ணீரைத்தான் பார்த்துப் பார்த்துச் செலவழிக்க வேண்டும். துணியா டயப்பரா என்ற கேள்விக்கு இந்த இரண்டையும் கணக்கில் வைத்தே விடை தேட வேண்டும்.

1. எதை வாங்குவதற்கு முன்பும் படுக்கைக்குப் பாதுகாப்புச் செய்யுங்கள். இலவம்பஞ்சு மெத்தை ஒருமுறை நனைந்தால் உள்ளே காய நாள் கணக்காகும். மெத்தைமேல் ரப்பர் ஷீட், அதன்மேல் பருத்தி விரிப்பு, மறுபடி ஒரு ரப்பர் ஷீட், மறுபடி பருத்தி விரிப்பு என்று இரண்டு அடுக்காக விரியுங்கள். நடுராத்திரியில் நனைந்தால் மேலடுக்கை உருவினால் போதும். கீழே காய்ந்த படுக்கை தயாராக இருக்கும். ரப்பர் ஷீட் உடம்பில் நேரடியாகப் படக்கூடாது. சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டி வேர்க்குரு வந்துவிடும்.

2. பாயில் படுக்கும் பிள்ளைக்கு மெத்தையே தேவையில்லை. கோரைப்பாய்மேல் ரப்பர் ஷீட்டும், நாலாக மடித்த பழைய பருத்திப் போர்வையும் போதும். அப்பத்தாவுடனோ தம்பி தங்கையுடனோ ஒரே பாயில் படுப்பதாக இருந்தால் தனி விரிப்புப் போடுங்கள். பிள்ளையைத் தள்ளிப் படுக்கச் சொல்லி ஒதுக்காதீர்கள்.

3. எவ்வளவு சிறுநீரைத் தாங்க வேண்டும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையின் வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால், அந்த வயதில் சிறுநீர்ப்பை சாதாரணமாகக் கொள்ளும் அளவு மில்லிலிட்டரில் கிடைக்கும். 7 வயதுப் பிள்ளைக்கு 240 மி.லி. அந்த அளவு தண்ணீரை அளந்து, நீங்கள் வைத்திருக்கும் துணி மடிப்பின்மேல் ஊற்றிக் கையால் அழுத்திப் பாருங்கள். அடியில் ஒழுகினால் இன்னும் இரண்டு மடிப்புக் கூட்ட வேண்டும். சில பிள்ளைகளுக்கு இரவில் இதைவிடக் கூடுதலாகவும் போகும். கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள்.

4. துணிக்குப் பழைய நாலு முழ வேட்டிக்கு இணை இல்லை. துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி நன்றாக உறிஞ்சும். புதுத் துணியில் கஞ்சி இருப்பதால் ஈரம் வழுக்கி ஓடும்; மூன்று நான்கு முறை அலசிய பிறகே பயன்படுத்துங்கள். பழைய சுங்குடிச் சேலையும் நல்லதுதான். ஆனால் சாயம் விடாத அளவுக்கு வெளுத்ததாக இருக்கட்டும். பாலியஸ்டர் கலந்த துணி வேண்டாம்.

5. எங்கே தடிமன் வேண்டும் என்று பார்த்து மடியுங்கள். ஆண் பிள்ளைக்கு முன்பக்கம், பெண் பிள்ளைக்கு நடுப்பகுதி, குப்புறப் படுக்கும் பிள்ளை யாராக இருந்தாலும் முன்பக்கம். மேலே ஒரு ஈரம் கசியாத நிக்கர் போட்டால் படுக்கை தப்பும். இரவுக்கென்றே பருத்தி அடுக்குகள் வைத்துத் தைத்த, துவைத்துப் போடக்கூடிய நிக்கர்கள் இப்போது பெரிய பிள்ளைகளின் அளவிலும் கிடைக்கின்றன.

6. டயப்பர் வாங்கும்போது வயதைப் பார்க்காதீர்கள். எடையையும் இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள். கடைகளில் கிடைக்கும் குழந்தை டயப்பர்கள் பெரும்பாலும் 25 கிலோவுக்குள் நின்றுவிடுகின்றன. அதற்குமேல் எடையுள்ள பிள்ளைக்கு, பெரியவர்களுக்கான பேன்ட் வகை டயப்பரில் மிகச் சிறிய அளவு சேருமா என்று இடுப்பை அளந்துகொண்டு கேளுங்கள். தொடையில் தளர்ந்தால் ஒழுகும், இறுகினால் புண்ணாகும். சானிட்டரி நாப்கின் இதற்கு மாற்று ஆகாது. ஒரே வீச்சில் வரும் சிறுநீரை அது தாங்காது.

7. டயப்பர் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயமும் போகும், எதிர்பார்ப்பும் சரியாக இருக்கும். மரக்கூழோடு கலந்திருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற தூள், ஈரம் பட்டதும் கூழாகி அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் தோல் காய்ந்ததுபோல் இருக்கிறது. வெளிச்சுற்று பிளாஸ்டிக். காற்றோட்டம் குறைவு என்பதால் கோடையில் சில பிள்ளைகளுக்கு அரிக்கும். ஒரு டயப்பர் ஓர் இரவுக்குத்தான். காலையில் கழற்றிவிட வேண்டும்.

8. செலவை வருடக் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒரு டயப்பர் 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 600, வருடம் 7,300 ரூபாய். துணிக்கு முதல் செலவு ஒருமுறை. பிறகு சோப்பும் தண்ணீரும் உங்கள் உழைப்பும். தினமும் நனைக்கும் பிள்ளைக்குத் துணிதான் கட்டுப்படியாகும். வாரத்தில் ஒருநாள் இரண்டுநாள் மட்டும் நனைத்தால் டயப்பரும் பெரிய செலவில்லை.

9. துணி என்று முடிவுசெய்தால் குறைந்தது மூன்று செட் வேண்டும். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று அலமாரியில். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி காயாது. அப்போது ஐந்து செட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அந்த நாட்களுக்கு மட்டும் டயப்பர் வைத்துக்கொள்ளுங்கள். அரைகுறையாகக் காய்ந்த துணியை மட்டும் கட்டிவிடாதீர்கள்.

10. துவைப்பதில்தான் துணியின் ஆயுள் இருக்கிறது. காலையில் எழுந்ததும் பச்சைத் தண்ணீரில் ஒருமுறை அலசிப் பிழிந்து வையுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் கிருமிகள் சிறுநீரில் உள்ள யூரியாவை அம்மோனியாவாக மாற்றி மூக்கைத் துளைக்கும் வாடை வரும். போர்வெல் உப்புத் தண்ணீரில் கட்டி சோப்புப் போட்டால் வெள்ளையாகத் திரிந்து துணியில் படியும். அது படியப் படியத் துணி உறிஞ்சாது. சோப்புத்தூளைக் கொஞ்சமாகப் போட்டு, ஒரு ஸ்பூன் சலவை சோடா சேர்த்து, நுரை போகும்வரை அலசுங்கள். கடைசி அலசலுக்கு மட்டுமாவது குழாயில் வரும் நல்ல தண்ணீர் கிடைத்தால் மிகவும் நல்லது. அலசிய தண்ணீரைக் கழிவறைக்கு ஊற்றப் பயன்படுத்தலாம். துணியை மிருதுவாக்கும் திரவம் வேண்டாம். அதுவும் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும்.

11. பிளீச்சிங் பவுடரில் கவனம் தேவை. சிறுநீர் இருக்கும் துணியில் நேரடியாகப் போட்டால் நச்சு வாயு கிளம்பும். வினிகரோடு சேர்த்தாலும் அப்படியே. வாடை போக நல்ல வெயிலில் நாள் முழுக்கக் காயவிடுவதே போதும். ஈரம் கசியாத நிக்கரை மட்டும் நிழலில் உலர்த்துங்கள். சூட்டில் அதன் உள்பூச்சு உரிந்துபோகும்.

12. காலையில் தோலைக் கவனியுங்கள். தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, காற்றாட விடுங்கள். பவுடர் வேண்டாம். சிவந்திருந்தால் தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவலாம். கெட்டியான களிம்பு தடவினால் அது துணியில் ஒட்டி உறிஞ்சுவதைத் தடுக்கும் என்பதால் பகலில் தடவுங்கள். தொடை மடிப்பில் சிவப்புப் பொட்டுகள் பரவினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

13. கழற்றிய டயப்பரை இறுகச் சுருட்டி, செய்தித்தாளில் பொதிந்து, தூய்மைக் காவலரிடம் தனியாகக் கொடுங்கள். பொதிந்து கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. கழிவறையில் போட்டால் ஊதி அடைத்துக்கொள்ளும். எரித்தால் பிளாஸ்டிக் புகை நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் போகும். வாய்க்காலில் வீசினால் குடகனாற்றில் போய்ச் சேரும், அது மக்கப்போவதில்லை.

14. வெளியூருக்கும் விடுதிக்கும் டயப்பர்தான் கைகொடுக்கும். தைப்பூசத்துக்குப் பழனி போனாலும், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும், பேன்ட் வகை இரண்டு மூன்று, ஒரு மூடும் பை, மாற்று நிக்கர் ஆகியவற்றைப் பிள்ளையின் பையிலேயே வையுங்கள். தானே போட்டுக் கழற்றப் பழக்குங்கள். விடுதியில் சேர்ப்பதாக இருந்தால் காப்பாளரிடம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள். துணியா டயப்பரா என்று பிள்ளையிடமும் கேளுங்கள். போட்டுக்கொள்ளப் போவது அவன்தான், அவள்தான். தெரு பார்க்கும் கொடியில் காயப்போட்டு ஊருக்குத் தெரியவைக்காதீர்கள். திட்டுவது, சூடு வைப்பேன் என்று மிரட்டுவது, தம்பியோடு ஒப்பிடுவது எல்லாம் பிள்ளையை நோகடிக்கும், நனைப்பதை நிறுத்தாது.

15. துணியும் டயப்பரும் பாதுகாப்புதான், மருந்து இல்லை. பகலில் நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, மாலைக்குமேல் குறையுங்கள். சாயங்கால டீ, காபியை நிறுத்துங்கள். படுக்கும் முன் சிறுநீர் கழிக்கட்டும். மலச்சிக்கல் இருந்தால் சரிசெய்யுங்கள். அதுவே சிறுநீர்ப்பையை அழுத்தும். தொடர்ந்து 14 இரவுகள் காய்ந்திருந்தால் துணியும் டயப்பரும் இல்லாமல் விட்டுப் பார்க்கலாம். ஆறு மாதம் நின்றிருந்து திடீரென்று மீண்டும் தொடங்கினாலோ, தாகமும் எடைக் குறைவும் சேர்ந்தாலோ, எரிச்சல், பகலிலும் கசிவு, பலத்த குறட்டை இருந்தாலோ காத்திருக்கக் கூடாது. தாகமும் எடைக் குறைவும் சேர்ந்து வருவது சர்க்கரை நோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டுங்கள். 104க்கு அழைத்தும் ஆலோசனை கேட்கலாம். ஏழு வயதுக்குமேலும் தொடர்ந்தால், ஈரம் பட்டதும் ஒலித்து எழுப்பும் அலாரம், மாத்திரை என்று நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன.

சுருக்கமாகச் சொன்னால், வெயிலடிக்கும் நாளில் வீட்டில் துணி. அடைமழைக்கும் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கும் பயணத்துக்கும் டயப்பர். எப்போதும் படுக்கைமேல் ரப்பர் ஷீட். நம் பகுதி வீடுகளுக்கு இந்தக் கலவைதான் பொருந்தும். எதைத் தேர்ந்தெடுத்தாலும், காலையில் பிள்ளை தலை குனியாமல் எழுந்துவரும்படி நடந்துகொள்ளுங்கள்.