அணில் கறியும் அதை உண்பவர்களும்



அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதி மாநிலங்களில் அணில் கறி விந்தை உணவன்று. வேட்டைக்குச் செல்லும் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக அடுப்பேறி வருவது. அங்கே உண்ணப்படுவது தமிழ்நாட்டு முற்றங்களில் ஓடும் சிறு வரியணில் அன்று, ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ள சாம்பல் அணில். இலையுதிர் காலத்தில் ஓக், ஹிக்கரி மரங்களின் கொட்டைகளைத் தின்று கொழுப்பதால், அப்பருவத்துக் கறியில் மெல்லிய இனிப்பு ஏறியிருக்கும் என்பர்.

இதில் சமையலைவிடக் கடினமானது தோலுரிப்பதே. மயிர் கறியில் ஒட்டினால் எளிதில் போகாது என்பதால், அணிலை முதலில் நீரில் நனைத்து, வாலின் அடிப்புறத்தில் எலும்பை மட்டும் வெட்டி, முதுகுத் தோலோடு ஒட்டி நிற்கும் வாலைக் காலால் மிதித்துக்கொண்டு, பின்னங்கால்களைப் பிடித்து மேலே இழுப்பார்கள். தோல் சட்டையைக் கழற்றுவது போல உரிந்து வரும். இளம் அணிலை மாவில் புரட்டிப் பொரிக்கலாம். முதிர்ந்ததோ நெடுநேரம் வேகாமல் மென்மையாகாது. அத்தகைய கறிக்கென அமைந்த கூட்டுக் குழம்பே பிரன்ஸ்விக் ஸ்டூ. அது 1828-இல் தங்கள் மண்ணில் பிறந்தது என்று வர்ஜீனியாவினர் உரிமை கொண்டாட, ஜார்ஜியாவினர் மறுக்கின்றனர். இன்று இருவர் பானையிலும் அணில் அரிது, பெரும்பாலும் வேவது கோழி போன்ற கறியே.

கென்டக்கியில் சிலர் அணிலின் மூளையையும் விரும்பி உண்டு வந்தனர். மூளையைச் சிதைக்கும் அரிய நோயான கிரட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய்க்கும் இப்பழக்கத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1997-இல் மருத்துவர்கள் ஐயுற்றனர். ஐயம் உறுதிப்படவில்லை என்றாலும், மூளையை விலக்குவதே அறிவுடைமை. துலரேமியா என்னும் பாக்டீரியாக் காய்ச்சலோ ஐயத்துக்கு இடமில்லாதது: முயல், அணில் போன்றவற்றை வெறுங்கையால் அறுக்கும்போது கீறல் வழியாகவும் தொற்றக்கூடியது. ஆகவே கையுறை வேண்டும், சோம்பிக் கிடந்த விலங்கைத் தொடக்கூடாது, கறி உள்வரை வேக வேண்டும்.

எந்த நாட்டிலும் சட்டமே முதற்கேள்வி. அமெரிக்காவில் வேட்டைக்கு உரிமமும் பருவமும் உண்டு. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அட்டவணையிலுள்ள விலங்குகளை வேட்டையாடத் தடை விதிக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மலையணிலும் அவற்றுள் அடங்கும். பிரிட்டனில் நிலை தலைகீழ்: 1876 முதல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட சாம்பல் அணில், தன்னைப் பெரிதும் பாதிக்காத ஓர் அம்மை வைரஸைப் பரப்பி நாட்டுச் செவ்வணிலை அழிக்கிறது, இளமரங்களின் பட்டையையும் உரித்துக் கெடுக்கிறது. பிடிபட்ட சாம்பல் அணிலைத் திரும்பக் காட்டில் விடுவதுகூட அங்கே குற்றம். எனவே அதைத் தின்றே செவ்வணிலைக் காக்கலாம் என்ற முழக்கம் எழுந்து, சில கடைகளில் கறியும் விற்பனைக்கு வந்தது. முழக்கம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் அணிலில் தேறும் கறி ஒருவர் வயிற்றுக்கே போதாது, உரிக்கும் பாடோ ஒரு கோழிக்கு ஆவதைவிட அதிகம்.