சுழல் எஞ்சினுக்கு டர்போசார்ஜர் பொருத்துதல்: ஒரு வெப்பக் கணக்கு

பெட்ரோல் எஞ்சினின் ஆற்றல் அது எரிக்கும் பெட்ரோலின் அளவைப் பொறுத்தது. ஒரு பங்கு எடையுள்ள பெட்ரோல் முற்றிலும் எரிய ஏறத்தாழ 14.7 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். ஆகவே ஆற்றலைப் பெருக்க விரும்புவோர், எஞ்சினுக்குள் மிகுதியான காற்றைப் புகுத்த வழி தேடுகின்றனர். வெளிக்காற்றின் அமுக்கத்தை மட்டும் நம்பி இயங்கும் எஞ்சின், காற்றைத் தானே உறிஞ்சும் எஞ்சின் எனப்படும். கழிவாயுவின் விசையால் ஒரு டர்பைனைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் கருவி டர்போசார்ஜர் ஆகும். தானே உறிஞ்சும் எஞ்சினில் இக்கருவியைப் பிற்பாடு பொருத்தினால் நேர்வது யாது? ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 2003 முதல் 2012 வரை தயாரித்த ஆர்.எக்ஸ். 8 என்னும் விளையாட்டுக் காரைக் கொண்டு இதனை ஆராயலாம்.

எஞ்சினின் அமைப்பு

ஆர்.எக்ஸ். 8 காரில் மேலும் கீழும் செல்லும் பிஸ்டன்கள் இல்லை. ஜெர்மனியின் பெலிக்ஸ் வான்கெல் வகுத்த சுழல் எஞ்சின் அதில் அமைந்துள்ளது. இவ்வகையின் முதல் மாதிரி 1957ஆம் ஆண்டு என்.எஸ்.யு. நிறுவனத்தில் இயங்கிற்று. இரு சுழலிகள் கொண்ட எஞ்சினுடன் மாஸ்டா நிறுவனத்தின் காஸ்மோ ஸ்போர்ட் 1967இல் விற்பனைக்கு வந்தது.

சற்றே புடைத்த பக்கங்களையுடைய முக்கோணச் சுழலி, இடையில் ஒடுங்கிய நீள்வட்டம் போன்ற கூட்டினுள் சுழல்கிறது. சுழலிக்கும் கூட்டின் சுவருக்கும் இடையே மூன்று அறைகள் உண்டாகின்றன. ஒவ்வோர் அறையும் சுழலியுடன் நகர்ந்துகொண்டே உறிஞ்சுதல், அமுக்குதல், எரிதல், வெளியேற்றுதல் ஆகிய நான்கு செயல்களையும் முடிக்கிறது. முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் மெல்லிய உலோகப் பட்டை ஒன்று சுவரை உரசிச் சென்று அறைகளைப் பிரிக்கிறது. ஒரு பட்டை இரண்டு அறைகளுக்குப் பொதுவான தடுப்பாகும். எனவே ஒரே பட்டை உடைந்தாலும், அச்சுழலியின் மூன்று அறைகளில் இரண்டு அமுக்கத்தை இழந்துவிடும். பிற்பகுதியில் கூறப்படும் எச்சரிக்கைகள் யாவற்றிற்கும் இதுவே காரணம்.

இரு கார்களின் ஒப்பீடு

1991இல் வெளிவந்த ஆர்.எக்ஸ். 7 காரின் எஞ்சினும், ஆர்.எக்ஸ். 8 காரின் எஞ்சினும் 1308 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையவை. முன்னதில் இரு டர்போசார்ஜர்கள் இருந்தன, பின்னதில் ஒன்றுமில்லை. ஜப்பானில் முன்னது தொடக்கத்தில் 255 குதிரைத்திறனை நிமிடத்திற்கு 6500 சுற்றுகளிலும், பின்னதன் உயர்திறன் வகை 250 குதிரைத்திறனை 8500 சுற்றுகளிலும் அளித்தன. குதிரைத்திறன் ஏறக்குறைய ஒன்றாயினும், டர்போசார்ஜர் உள்ள எஞ்சின் அதனைக் குறைந்த வேகத்திலேயே அளித்தது கவனிக்கத்தக்கது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. ஆர்.எக்ஸ். 8 எஞ்சினின் அமுக்க விகிதம் 10. டர்போசார்ஜருடன் வடிவமைக்கப்பட்ட ஆர்.எக்ஸ். 7 எஞ்சினில் அது 9 மட்டுமே. இந்த ஒரு எண் ஏன் குறைக்கப்பட்டது என்பதைக் கீழ்வரும் கணக்கு விளக்கும்.

வெப்பக் கணக்கு

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு விரைந்து அடித்தால் அதன் அடிப்பகுதி சுடுவதை மாணவர்கள் அறிவர். அமுக்கப்படும் காற்று சூடேறும். டர்போசார்ஜரிலும் அவ்வாறே.

வெளிக்காற்று 27 டிகிரி சென்டிகிரேடு, அதாவது தனி உஷ்ணநிலை 300 எனக் கொள்வோம். அதன் அமுக்கத்தை ஒன்றரை மடங்காக்கும் கருவியின் திறமை 70 சதவீதமாயின், காற்று ஏறத்தாழ 80 டிகிரி சென்டிகிரேடுக்கு, அதாவது தனி உஷ்ணநிலை 353க்கு, உயரும். சூடான காற்று விரிவடைவதால், கிடைக்கும் காற்றின் எடை ஒன்றரை மடங்காவதில்லை, 1.5ஐ 300ஆல் பெருக்கி 353ஆல் வகுத்தால் 1.27 மடங்கே வருகிறது. இடையில் குளிர்விப்பான் ஒன்றை அமைத்துக் காற்றை 50 டிகிரிக்கு இறக்கினால், இது 1.39 மடங்காக உயர்கிறது.

அடுத்து, இக்காற்று எஞ்சினுக்குள் மீண்டும் பத்தில் ஒரு பங்காக அமுக்கப்படுகிறது. வெப்பம் சுவர்களுக்குச் செல்லாது எனக் கொண்டால், 27 டிகிரியில் புகுந்த கலவை எரியுமுன் சுமார் 400 டிகிரியை எட்டும். 80 டிகிரியில் புகுந்ததோ சுமார் 520 டிகிரியை எட்டும். அமுக்கமும் ஒன்றரை மடங்காகும். இந்நிலையில், ஸ்பார்க் பிளக்கிலிருந்து பரவும் சுடர் வந்தடையுமுன், எஞ்சிய கலவை தானாகவே ஒருங்கே வெடிக்கக்கூடும். இதுவே தட்டல் எனப்படுவது. பிஸ்டன் எஞ்சின் சிறிய தட்டலைச் சில வேளைகளில் தாங்கும். சுழல் எஞ்சினில் ஓரிரு கடுமையான தட்டல்களே முனைப் பட்டையைப் பிளக்கப் போதும். உடைந்த துண்டு கூட்டின் சுவரையும் கீறிவிடும். பிறகு எஞ்சினை முழுவதும் பிரிப்பதன்றி வேறு வழியில்லை.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, பெட்ரோல். காற்று 1.39 மடங்கானால் பெட்ரோலும் குறைந்தது அவ்வளவு உயர வேண்டும். முழு விசையில் தட்டலைத் தவிர்க்க, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 11 அல்லது 12 பங்கு காற்று என்னும் அளவில் கலவை அமைக்கப்படுவது வழக்கம். பழைய பம்பும் தெளிப்பான்களும் இதற்கு ஈடுகொடுக்காவிடில், ஆற்றல் மிகத் தேவைப்படும் தருணத்திலேயே பெட்ரோல் குறைந்து பட்டைகள் உடையும்.

இரண்டாவது, தீப்பொறியின் நேரம். அமுக்கம் உயருந்தோறும் பொறியைச் சற்றுத் தாமதப்படுத்த வேண்டும். இதற்காக எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டை மாற்றியமைப்பது இன்றியமையாதது.

மூன்றாவது, கழிவாயுவின் வெப்பம். ஆர்.எக்ஸ். 8 எஞ்சினில் கழிவாயுத் துவாரங்கள் பக்கத் தட்டுகளில் உள்ளன. நடுத்தட்டின் துவாரத்தை இரு சுழலிகளும் பகிர்ந்துகொள்கின்றன. டர்பைன் வழியைச் சற்றே அடைப்பதால் வெப்பம் இவ்விடத்தில் மேலும் தேங்கும். நீர், எண்ணெய் ஆகிய இரண்டையும் குளிர்விக்கும் அமைப்புகள் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும்.

நான்காவது, அமுக்க விகிதம். சுழலியின் முகத்திலுள்ள குழிவின் அளவு இதில் முக்கியமானது. இதைக் குறைக்கச் சுழலிகளையே மாற்ற வேண்டியிருக்கும். அவ்வாறு செய்ய இயலாதவர் கூடுதல் அமுக்கத்தை மிகக் குறைவாக வைத்துக்கொள்வதே தக்கது.

ஆகவே டர்போசார்ஜர் பொருத்துவது ஒரு கருவியைச் சேர்ப்பதுடன் முடிவதில்லை. காற்று, எரிபொருள், தீப்பொறி, குளிர்ச்சி ஆகிய நான்கின் கணக்கையும் அது மாற்றிவிடுகிறது. அவற்றுள் ஒன்றை விட்டாலும், அதன் விலையைச் சில மில்லிமீட்டர் பருமனேயுள்ள ஒரு பட்டை செலுத்த நேரும்.

பயிற்சி

1. வெளிக்காற்று 37 டிகிரி சென்டிகிரேடு. அதன் அமுக்கம் ஒன்றரை மடங்காக்கப்பட்டுப் பின் 57 டிகிரிக்குக் குளிர்விக்கப்படுகிறது. ஒரே கொள்ளளவில் அடங்கும் காற்றின் எடை எத்தனை மடங்காகும்? விடை: ஏறத்தாழ 1.41.

2. ஒரு முனைப் பட்டை உடைந்தால் இரண்டு அறைகள் செயலிழப்பதைப் படம் வரைந்து விளக்குக.